மேசைக்காலுக்குக் கீழே ஒரு படம்

"பல்கனியிலை காயப்போட்ட, படம் கீறின மட்டையளை எடுத்து உள்ளை வையுங்கோ, மழை வரும்" என்று சொல்லிவிட்டு எலிசா பஸ்ஸுக்கு ஓடினாள்.

"பேந்து எடுக்கிறன்" என்றார் புருசன் ஞானேந்திரன், கதிரையை விட்டு எழும்பாமல்.

மழை வந்தது. எலிசா வரவில்லை. வேலையிடத்துச் சமையலறையிலேயே இதயம் நின்றுவிட்டது.

எட்டு மாதம் கழித்து மகள் ஜென்சி அவருக்குப் போன் எடுத்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் எலிசா சமைத்துப் போட்ட முதியோர் இல்லத்தில் றோசா என்றொரு கிறீ ஆதிக்குடிப் பெண்மணி இருந்தார். எழுபத்தொரு வயதில் முதன்முதலாகத் தூரிகை பிடித்தவர், இப்போது பேர்பெற்றுவிட்டார். அவருடைய ஆரம்பகாலப் படங்களை ஒரு கலைக்கூடம் தேடுகிறதாம்.

"அம்மா கொண்டுவந்த ஏழும் இருக்கெல்லோ அப்பா? 'எலிசா சேகரித்தவை' எண்டு சுவரிலை பேர் போடுவினமாம்."

"ஓம், பத்திரமா இருக்கு."

பத்திரம் என்பது அவருக்குத் தெரிந்த பொய்களில் பெரியது. முதல் படம் வந்த அன்றே, "ஆர் கீறினது இது, கோழி கிளறின மாதிரி?" என்று கேட்டவர் அவர். "றோசா" என்றாள் எலிசா. அதன்பிறகு ஒவ்வொரு படத்துக்கும், "றோசா இண்டைக்கு என்ன கிளறினவ?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

இப்போது எலிசாவின் பேர் சுவரில் ஏறவேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

மழையில் நெளிந்த ஆறு மட்டைகளையும் அயன்பெட்டியால் தேய்த்தார். ஒரு வாத்து பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. டொலர் கடையில் பெயின்ற் வாங்கி வாத்தைத் திருப்பிக் கீறினார், அது ஆடாகிவிட்டது. ஏழாவது மட்டை சாப்பாட்டு மேசையின் நீளம் குறைந்த காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இழுத்தார். மேசை ஆடி, தேத்தண்ணி ஆறு படங்களிலும் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஜென்சி றோசாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். ஞானேந்திரன் ஏழையும் பரப்பிவைத்து, அயன்பெட்டி, ஆடு, தேத்தண்ணி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எலிசாவின் பேரை மட்டும் எடுத்துவிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

றோசா மேசைக்கால் மட்டையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜென்சியிடம் பிரெஞ்சில் நெடுநேரம் கதைத்தார். ஜென்சி அதைத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, மேசைக்கு முட்டுக்குடுக்க அம்மா ஒரு மட்டை கேட்டவவாம். றோசா கீறிக் குடுத்தது அது ஒண்டுதானாம். மற்ற ஆறும் அம்மா கீறினதாம். நீங்கள் சிரிப்பீங்கள் எண்டுதான் பேரை மாத்திச் சொன்னவவாம்."

கலைக்கூடச் சுவரில் இப்போது 'எலிசா சேகரித்தது' என்று ஒருமையில் இருக்கிறது. வீட்டில் மேசை இன்னும் ஆடுகிறது.