அன்னார் அண்ணை வாய் திறந்தால்

பருத்தித்துறையில் கடலுக்குப் பயப்படாத ஆட்கள் இருக்கிறார்கள். அன்னார் அண்ணைக்குப் பயப்படாத ஒருவரை நான் கண்டதில்லை.

அவர் யாருக்கும் கெடுதல் செய்தவரல்ல. கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் தெருத்தெருவாகப் போய் மரண அறிவித்தல் சொல்வது அவர் தொழில். 'அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு புதல்வரும்...' என்று அந்தக் கனத்த குரல் ஒழுங்கைக்குள் நுழைந்தால், அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுச் சனம் வாசல் படலைக்கு ஓடிவரும். அப்படி ஒட்டியதுதான் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார்.

தொல்லை என்னவென்றால், மைக்கை நிறுத்திய பிறகும் அவர் அதே தமிழில்தான் கதைப்பார். "ஒலிவாங்கியில் ஒரு சொல் வழுக்கினாலும் இறந்தவருக்கு இழுக்கு. நாக்குப் பழக்கத்தில் இருத்தல் வேண்டும்" என்பார். கேட்பவர்கள் உடனே வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சாதாரணக் காய்ச்சலில் படுத்திருந்தார். அன்னார் அண்ணை தோடம்பழத்தோடு பார்க்கப் போனார்.

"தங்கள் உடல்நிலை தற்போது எவ்வாறுள்ளது?"

நோயாளி சுவர்ப்பக்கம் திரும்பி மனைவியிடம் கேட்டார்: "ஆரப்பா உவருக்குச் சொன்னது? டொக்டர் என்னட்டை எதையும் மறைக்கிறாரோ?"

மீன் சந்தையில் பாரை விற்கும் பூமணியக்கா மட்டும்தான் அவருக்குப் பதிலுக்குப் பதில் கொடுப்பார்.

"அம்மையே, இப்பாரையின் உயிர் எப்போது பிரிந்தது?"

"விடியப்புறம். செத்தவீடு என்ரை மீன் கடகத்துக்குள்ளைதான். வாங்கிறதெண்டா வாங்கும், இல்லாட்டி அறிவிச்சுப்போட்டுப் போம்."

சந்தையே சிரிக்கும். ஆனால் அவர் அப்பால் போனதும் பூமணியக்கா போனை எடுத்து மகனுக்கு அடிப்பார். மகனுக்குக் கடல்தொழில்.

போன மாரியில் ஒருநாள் திடீரென்று காற்று எழும்பியது. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. பூமணியக்காவின் மகன் போன வள்ளம் வரவில்லை. அவனுடைய போனும் வேலை செய்யவில்லை. பத்திரிகைக்குச் செய்தி எழுத நானும் கரையில் நின்றேன். முதல் வரி இரண்டு விதமாகவும் மனதில் தயாராக இருந்தது. மத்தியானம் தாண்டியும் பூமணியக்கா கடலைப் பார்த்தபடி மணலில் இருந்தார்.

அப்போது ஒலிபெருக்கி ஓட்டோ கரைவீதிக்குத் திரும்பியது.

ஓட்டோவைக் கண்டவுடனேயே ஒருத்தி தலையை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். இரண்டு பெண்கள் பூமணியக்காவின் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உவரை வாய் திறக்க விடாதேங்கோ" என்றார் பூமணியக்கா. பக்கத்தில் நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது.

மைக் கொரகொரத்தது. அன்னார் அண்ணை வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சை பூமணி, எழும்பு. உன்ரை பொடியன் தொண்டைமானாத்துக் கரையிலை நிக்கிறான். இஞ்சின்தான் பழுது. மீன்பிடிச் சங்கத்துக்கு இப்பத்தான் போன் வந்தது. அவனுக்குப் பசிக்குதாம், சோறு கேக்கிறான்."

ஒப்பாரி வைத்தவள் பாதியில் நிறுத்தி, "அறுவானே, உதைத் தூரத்திலை வரேக்கையே கத்திச் சொல்லியிருக்கலாமே" என்று திட்டினாள். பூமணியக்கா அப்போதுதான் அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவில், "உவருக்கு எங்களை மாதிரிக் கதைக்கவும் தெரியுமே?" என்று கேட்டார்.

அடுத்த நாள் சந்தையில் அன்னார் அண்ணை பழையபடி வந்து நின்றார். "அம்மையே, இப்பாரையின் உயிர் எப்போது பிரிந்தது?"

பூமணியக்கா கடகத்தில் கிடந்ததில் பெரிய பாரையைத் தூக்கி அவருடைய பைக்குள் போட்டார்.

என்னுடைய அறிவித்தலையும் ஒருநாள் அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஊருக்குச் செந்தமிழில் சொல்லட்டும். அதற்கு முன், எங்கள் படலையில் ஓட்டோவை நிறுத்தி, மைக் இல்லாமல், கரையில் கதைத்த அந்தத் தமிழில் என் மனைவியோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுப் போனால் போதும்.