அப்பாவின் கிழக்குப் பாதி

அன்புள்ள தங்கை நெல்டாவுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் ஆர்வில்லும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்.

உன் அட்டை வந்தது. வீட்டை விற்றாயிற்று, சனிக்கிழமை மகளோடு ஃபீனிக்ஸ் போகிறேன், இனி இந்தப் பக்கம் வருவதாக இல்லை, பார்க்க வேண்டுமென்றால் அதற்குள் வா என்று மூன்று வரி. அக்கா என்றுகூடப் போடவில்லை. இருந்தாலும் அப்பா பெற்றது இரண்டே பேரை, அதில் ஒன்று பாலைவனத்துக்குப் போகிறதே என்று இன்று வியாழக்கிழமை காலையில் சலைடாவை விட்டுக் கிளம்பினோம். காரில் இல்லை. உன் கூரையின் கீழ் ஒரு ராத்திரிகூடப் படுப்பதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். அதனால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற எங்கள் வீட்டு வண்டியில் வந்தோம். இருபத்தேழு அடி நீளம். ஆர்வில் அதை ஓட்டுவதைப் பார்த்தால் மாட்டுக்கொட்டகையைக் கயிறு கட்டி இழுத்துப் போவது போல இருக்கும்.

பாஞ்சா ஸ்பிரிங்ஸ் தாண்டியதுமே பனி பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் கணவாய் ஏறக் கூடாது என்று பலகையில் விளக்கு மின்னியது. உன் அத்தான் இறங்கி, முக்கால் மணி நேரம் பனியில் மல்லாந்து கிடந்து, சாமியைத் தவிர எல்லாரையும் திட்டி, சங்கிலியைக் கட்டிவிட்டு மீசையெல்லாம் வெள்ளையாக ஏறி வந்தார். ஊர்ந்து ஊர்ந்து ஏறினோம். நான் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பழசை நினைத்துக்கொண்டிருந்தேன். எல்க் மான் வேட்டைக்கு நவம்பரில் போவோமே, அப்பா லாரி முதுகில் பலகையாலேயே அடித்த அந்தக் கூண்டு, அதில் மேல்தட்டில் நாம் இரண்டு பேரும் ஒரே கம்பளியில். நீ உன் ஜில்லிட்ட காலை என் வயிற்றில் வைப்பாய். ஐம்பத்து மூன்றாம் வருஷம் நீ போட்டிருந்த காலுறையில் இடது காலில் ஓட்டை, பெருவிரல் வெளியே நின்றது, அந்த விரலின் குளிர் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. ஈரக் கம்பளி வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்து அடிக்கும். உச்சிக்குப் போனதும் அப்பா நிறுத்திவிடுவார். எவ்வளவு பனி கொட்டினாலும் நிறுத்துவார். அங்கிருந்து கிழக்கே விழுகிற தண்ணீர் ஒரு கடலுக்கும் மேற்கே விழுகிறது இன்னொரு கடலுக்கும் ஓடும். மிச்சக் காப்பியில் பாதியை நான் கிழக்கே ஊற்ற வேண்டும், பாதியை நீ மேற்கே. “ரெண்டு கடலுக்கும் பங்கு போகணும் புள்ளைங்களா, ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ண விட்டா மலை கோவிச்சுக்கும்” என்பார். ஒரு வருஷமும் தவறியதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன், என் சாம்பலையும் பாதிப் பாதியாக அங்கேதான் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாம்பலோடு நீ உச்சியில் நிற்க, நான் வர நாற்பது நிமிஷம் தாமதம். மரலாரி ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றது என்று அன்றைக்கே சொன்னேன். வந்து பார்த்தால் கையில் காலிப் பெட்டியோடு நிற்கிறாய். மொத்த அப்பாவையும் மேற்கே உன் ஊர்ப் பக்கமே கொட்டிவிட்டாய். “குளிர் தாங்கலக்கா” என்றாய். அது மறக்கிற பேச்சா?

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். உச்சி வந்ததும் “நிறுத்துங்க, காப்பி ஊத்தணும்” என்றேன்.

“இந்தப் பனியிலயா? நின்னா வண்டி திரும்பக் கிளம்பாதுடி.”

“அப்பா நிறுத்துவாரு.”

“உங்கப்பாவுக்குப் பொண்டாட்டி பேச்சக் கேக்குற வேல இல்ல” என்றார், ஆனால் நிறுத்தினார். உள்ளே குழாயைத் திறந்து காப்பி போட்டேன். ஒரு வாய் குடித்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வெர்னா, அம்பது வருஷத்துல இன்னைக்குத்தான் உன் காப்பி நல்லாருக்கு.” சர்க்கரையே போடவில்லை, ஆனாலும் தித்தித்தது. முழுக் குவளையும் குடித்தார்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிழக்கே பாதியை ஊற்றினேன், பறந்து போயிற்று. மேற்குப் பாதியை ஊற்ற நீ இல்லையே, நானே திரும்பி நின்று ஊற்றினேன். அவ்வளவும் காற்றில் எழும்பி என் மூஞ்சியிலேயே அடித்தது. கண்ணாடி, கோட்டு, வாய் எல்லாம் காப்பி. மறுபடி ஒரு குவளை ஊற்றிப் பார்த்தேன். அதுவும் தலைக்கு மேலே போய்க் கிழக்கே விழுந்தது.

ஆர்வில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகச் சொன்னார். “அன்னைக்கும் இதே காத்துதான்டி. உங்கப்பா பாதிக்கு மேல நம்ம பக்கமே வந்திருப்பாரு.”

பனியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கண்ணாடியைத் துடைத்தேன், காப்பிதான்.

வண்டியோ அவர் சொன்னபடியே கிளம்பவில்லை. பின்சக்கரம் சுற்றுகிறது, நகரவில்லை. பனி தள்ளும் வண்டிக்காரி கெய்லா என்று ஒரு திடகாத்திரமான பெண் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “ஏன் பெரியவரே, தள்ளுறது பின்சக்கரம். நீங்க முன்காலுக்கு பூட்ஸ மாட்டிட்டு பின்கால வெறுங்காலா விட்டிருக்கீங்க?” என்றாள். அவர் இத்தனை வருஷமாய் ஓட்டுவது முன்சக்கரம் இழுக்கும் கார். பிறகு வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிய இடத்தில் பனி இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்தாள். “பாட்டி, குழாய் உறையாம இருக்க ஊத்துன மருந்த எடுக்காமலா காப்பி போட்டீங்க?”

“நான் ஒரு குவளை குடிச்சிட்டேனே” என்றார் ஆர்வில்.

“சாக மாட்டீங்க. இந்தக் குளிர்காலம் பூரா உள்ள எதுவும் உறையாது, அவ்ளோதான்.”

மேற்கே பாதையை மூடிவிட்டார்களாம். சங்கிலியை மாற்றிக் கொடுத்து, சலைடாவுக்கே திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வந்து வழிகாட்டுகிற வரை உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆகவே சனிக்கிழமைக்குள் நான் வருவதற்கில்லை. காற்று செய்ததற்கு உனக்குப் பெருமை கிடையாது. நீ காத்திருந்திருக்க வேண்டும். நானும் பத்தொன்பது வருஷம் காத்திருக்காமல் ஒரு தரம் அந்த உச்சியில் நின்று பார்த்திருக்கலாம், அதையும் எழுதிவிடுகிறேன்.

மகளுக்கும் பேரன்களுக்கும் என் ஆசீர்வாதம். நல்லபடியாய்ப் போ. அங்கே வெயிலாம், காலில் குளிர் ஏறாது.

இப்படிக்கு,
உன் அக்கா வெர்னா

பின்குறிப்பு: உறையில் தபால்தலை இல்லாததைப் பார்த்திருப்பாய். கெய்லா வந்து, உன் ஊர் கன்னிசன் பக்கம் திறந்தாயிற்று, சலைடா பக்கம்தான் இப்போது மூடியிருக்கிறது என்றாள். உன் வாசலில்தான் நிற்கிறோம், கடிதத்தைக் கதவிடுக்கில் செருகியது நான்தான். வண்டிக்குள் கணப்பு வேறு நின்றுவிட்டது, இரண்டு பேருக்குப் படுக்கை போடு. ஜன்னல் திரையை மூன்று தடவை விலக்கிப் பார்த்தாய். அதையும் மறக்க மாட்டேன். கதவைத் திற.