பாத்தியில் எழுந்தருளிய நாகதம்பிரான்

பாத்தியின் கிழக்கு மூலையில் மண் கிளறப்பட்டிருந்தது.

அம்பலவாணர் குடையைப் பிடித்தபடி அந்த மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்த காலத்தில், காணாமற்போன கோப்புகள் இருந்த இடத்தை இப்படித்தான் பார்ப்பார். கோப்புகள் திரும்பி வந்ததில்லை. ஆனால் பார்வையில் எவரும் குறை சொன்னதுமில்லை.

"ஆரோ கை வைச்சிட்டான்."

"எலியாயிருக்கும்," என்றாள் மனைவி மீனலோசனி குசினி வாசலில் நின்று. "மிச்சத்தையாவது இண்டைக்கே கிண்டி எடுங்கோவன்."

"முத்த வேணும். பனங்கிழங்கைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதையும்."

நாரந்தனையில் கிணற்றுத் தண்ணீர் உவர். ஆகவே மாரியில் வானம் தருவதுதான் தோட்டம். அம்பலவாணரின் வளவில் மரவள்ளியும் பயித்தங்கொடியும் செழித்து நின்றன. நடுவில் பெட்டி போல உயர்த்திய மணற்பாத்தி. ஆவணியில் அதற்குள் பனங்கொட்டை அடுக்கியது கூலிக்கு வந்த ஆள். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அடுக்கு வரிசையைத் திருத்தியது அம்பலவாணர். அதனால் அது அவருடைய பாத்தி.

அந்தப் பாத்தியின் மேல் அவருடைய மானமும் அடுக்கப்பட்டிருந்தது. மகள் கஜானிக்குக் காரைநகரில் சம்பந்தம் முற்றாகியிருந்தது. பேச்சுவாக்கில் சம்பந்தியார், "கிழங்கெண்டால் எங்கட காரைநகர்க் கிழங்குதான்," என்று சொல்லிவிட்டார். அம்பலவாணர் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார்.

"தை பிறந்து வாற முதல் ஞாயிறு வாருங்கோ. என்ர பாத்திக் கிழங்கு அவிச்சுத் தாறன். அதுக்குப் பிறகு என்ர வளவு மரவள்ளி, என்ர வளவுப் பயித்தங்காய் போட்டு மீன் கூழ். கடையில வாங்கின கிழங்கு ஒண்டு இலையில விழுந்தால் நான் அம்பலவாணர் இல்லை."

அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இப்போது வந்திருந்தது.

பொலிசுக்குப் போவது அவருக்குக் கௌரவக் குறைவு. அவர் மூளையை நம்பினார். சங்கக்கடை வாசலில் சனம் கூடியிருந்த நேரம் பார்த்துக் குடையை மடக்கினார்.

"ஒரு விசயம். என்ர பாத்திக்க நாகபாம்பு நிக்குது. படம் எடுத்ததை நான் கண்ணால கண்டனான். கிட்டப் போறவை பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக ஊரைப் பாடி எழுப்பும் கோஷ்டியின் தலைவர் தம்பிராசா, கையில் இருந்த பிளேன்ரீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தார்.

"பாத்திக்கயோ அண்ணை? எப்ப தொடக்கம்?"

"கன நாளா நிக்குது போல."

தம்பிராசாவின் முகம் வெளிறியது. தன் பேச்சுவன்மையை மெச்சியபடி அம்பலவாணர் வீடு திரும்பினார்.

மறுநாள் காலை பாத்தித் தலைமாட்டில் ஒரு சிரட்டைப் பால் இருந்தது. பக்கத்தில் கற்பூரம். அதற்கும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தம்பிராசா.

"என்ன தம்பிராசா, இஞ்ச?"

"நாகதம்பிரான் எல்லே அண்ணை எழுந்தருளியிருக்கிறார்."

அதற்கடுத்த நாள் பாட்டுக் கோஷ்டி முழுவதும் வந்தது. பிறகு அவர்களுடைய பெண்சாதிமார், மாமியார்மார். சிரட்டைகள் செம்புகளாகின. மணலில் மஞ்சள் தெளித்தார்கள். யாரோ பூவரசில் சிவப்புத் துணி கட்டினார்கள்.

அம்பலவாணர் பாம்பைச் சிறுப்பிக்கத் தீர்மானித்தார்.

"நான் வடிவாப் பாத்தனான். அது நாகமில்லை, சாரை."

"நாகதம்பிரான் சாரையா வந்து சோதிப்பார் அண்ணை," என்றார் தம்பிராசா. "நீங்கள் பயப்பிட வேண்டாம்."

"அது போயிட்டுது. நேற்றுப் பின்னேரம் வேலிக்கு அங்கால போனதைக் கண்டனான்."

"போகேல்லை. இரவு வைச்ச பாலைக் காணேல்லையே."

பாலைக் குடித்தது அயல்வீட்டு எமிலியின் பூனை. அது வேலி ஓட்டைக்குள் இருந்து உதட்டை நக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தது. பூனையைச் சாட்சிக்கு அழைப்பது தன் தகுதிக்குப் பொருந்தாது என்று அம்பலவாணர் விட்டுவிட்டார்.

இனி ஒரே வழி, நிர்வாகத்தைத் தன் கைக்குள் கொண்டுவருவது. தம்பிராசா பரிபாலன சபை அமைக்கக் கூட்டம் வைத்தபோது, தலைவர் என்ற சொல் எழுந்தவுடனே அம்பலவாணரும் எழுந்தார். வேறு எவரும் அந்தக் கதிரையைக் கேட்கவில்லை என்பதை அவர் ஏகமனதான தெரிவு என்று எடுத்துக்கொண்டார்.

சனம் கிட்ட வராதபடி பாத்தியைச் சுற்றி வேலி அடைப்பித்தது தலைவரின் முதல் நடவடிக்கை. வேலி அடைத்ததும் அது கோயிலாகிவிட்டது. வெறும் பாத்தியைத் தூர நின்று கும்பிட்டவர்கள், இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

"ஒரு தீர்மானம் எழுத வேணும்," என்றார் தம்பிராசா. "மண்வெட்டி, அலவாங்கு ஒண்டும் இந்த வேலிக்குள்ள வரப்படாது."

"ஏன்?" என்றார் தலைவர்.

"இரும்பு கண்டால் நாகதம்பிரானுக்குக் கோபம் வரும்."

கோஷ்டியில் இருந்த அத்தனை பேரும் கை உயர்த்தினார்கள். அவ்வளவு வேகமாகக் கை உயர்ந்த தீர்மானத்தை அம்பலவாணர் தம் சேவைக் காலத்தில் கண்டதில்லை.

அன்று மத்தியானம் மீனலோசனி பருப்பும் வல்லாரைச் சம்பலும் வைத்தாள்.

"மீன் எங்க?"

"கோயில் வளவுக்க மீன் காய்ச்சலாமோ? நீங்கள்தானே தலைவர்."

"ஞாயிற்றுக்கிழமை கூழ்?"

"மரக்கறிக் கூழ் காய்ச்சுவம். கிழங்கை எப்பிடி எடுக்கப்போறியள் எண்டதை முதல்ல யோசியுங்கோ."

அவர் யோசித்தார். யோசனையோடு, தலைவரின் கடமை என்று தானும் ஒரு செம்புப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பியபோது, வேலிக்கு மேலால் எமிலியின் தலை தெரிந்தது. கிணற்றடியில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புருசன் பஸ்ரியாம்பிள்ளை கடலால் கொண்டுவந்தது. அம்பலவாணருக்கு வாயூறியது. அதை அதிகாரமாக மாற்றினார்.

"எமிலி, ஊரெல்லாம் பால் வைக்குது. நீர் மட்டும் ஒரு நாளும் வரேல்லை. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர் எண்டாலும் பாம்பு எல்லாருக்கும் பொதுதானே."

எமிலி ஒரு மீனின் செதிளை ஆறுதலாக உரித்தாள்.

"எனக்கு அந்தத் தேவை வரேல்லை அண்ணை."

திமிர் என்று நினைத்துக்கொண்டு அம்பலவாணர் உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியார் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாங்கள் ஒரு வான் வண்டி நிறைய வாறம். காலமை சாப்பிடாமல் வாறம். கிழங்கு ஆயத்தம்தானே?"

"என்ன கேள்வி இது?" என்றார் அம்பலவாணர். போனை வைத்த கையோடு அவருக்குக் கனவு வந்துவிட்டது. பின்னேரப் பூசைக்குக் கூடிய சனத்துக்கு முன்னால் அதை வெளியிட்டார்.

"நாகதம்பிரான் என்னோட கதைச்சவர். தான் நயினாதீவு அம்மனிட்டைப் போறாராம். ஞாயிறு காலமை தலைவர் தன்ர கையால பாத்தியைத் திறந்து, கிழங்கை எடுத்து, வாற விருந்தாளியளுக்குக் குடுக்கட்டாம். வளவில மீன் காய்ச்சலாம் எண்டும் சொன்னவர்."

"மீனையும் சொன்னவரோ?" என்றது ஒரு குரல்.

"விபரமாச் சொன்னவர்."

தம்பிராசா எழுந்தார். "அண்ணை, அவர் கிழங்கையும் தன்னோடயே கொண்டு போறாரோ என்னவோ. கேட்டனீங்களோ?"

"அதைப் பற்றிக் கதைக்கேல்லை," என்றார் அம்பலவாணர், வெகு நம்பிக்கையோடு.

ஞாயிறு வந்தது. வான் வந்தது. சம்பந்தியார் பட்டுச் சால்வையோடு வேலிக்குள் வந்து, மஞ்சள் பூசிய பாத்தியையும் சிவப்புத் துணியையும் பார்த்து, "கிழங்குக்கு இவ்வளவு மரியாதையோ?" என்றார். குசினியில் மீனலோசனி அகலப் பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். எமிலி நண்டும் இறாலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலியோரம் நின்றாள்.

சங்கு ஊதினார்கள். தம்பிராசா பாடத் தொடங்கினார். திருவெம்பாவையில் தடுமாறாத குரல் அன்று நடுங்கியது. அம்பலவாணர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டார்.

மணல் வந்தது. இன்னும் கொஞ்சம் மணல் வந்தது. பிறகு ஊமல் வந்தது. கிழங்கை ஒடித்துவிட்டால் மிஞ்சும் வெறும் பனங்கொட்டை. அடுத்ததும் ஊமல். கடைசி மூலைவரை ஊமல்கள் ஒழுங்காக அடுக்கி, மேலே மண் போட்டுத் தட்டி விடப்பட்டிருந்தன. கிழங்கு என்று சொல்ல ஒரு வேர்கூட இல்லை.

பாட்டு நின்றது.

"நான் சொன்னனான்," என்றார் தம்பிராசா தாழ்ந்த குரலில். "கொண்டு போயிட்டார்."

கோஷ்டி முழுவதும் தலையாட்டியது. அம்பலவாணர் வாயைத் திறந்தார். பாம்பு இல்லை என்று சொன்னால் பொய்யர். உண்டு என்று சொன்னால் கிழங்கு போய்விட்டது. வாயை மூடிக்கொண்டார்.

சம்பந்தியார் ஒரு ஊமலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பாம்பு கிழங்கு தின்னுமோ?"

"தின்னும்," என்றார் அம்பலவாணர். குரல் தளரவில்லை. "அதுவும் இது திறம் கிழங்கு. போன மாதம் விடியப்புறம் பாட வந்த நேரம் தம்பிராசா எனக்கு அவிச்ச கிழங்கு ரெண்டு தந்தவர். வெறும் நார். என்ர பாத்திக் கிழங்குக்குக் கிட்ட வராது எண்டு அவருக்கு முகத்துக்கு நேரயே சொன்னனான். கேட்டுப் பாருங்கோ."

தம்பிராசா நிலத்தைப் பார்த்தார். கோஷ்டி சேமக்கலத்தைப் பார்த்தது. மீனலோசனி அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

அம்பலவாணரின் கண் கடைசியில் வேலியோரம் போய் நின்றது. தன் பேச்சுக்குத் தலையாட்டாமல் நின்ற ஒரே ஆள் அங்கேதான்.

"பாத்தீரோ எமிலி? ஊரில நீர் ஒராள்தான் பால் வைக்கேல்லை. அதுதான் இப்பிடி வந்தது."

எமிலி பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கிழங்கு திண்ட எல்லாரும் பயத்தில பால் வைச்சவை அண்ணை, நீங்களும் வைச்சனீங்கள்; நான்தான் திங்கேல்லையே."