சீசாவில் பிடித்த கெட்ட நேரம்

பூச்சி ஜோசியர் வீட்டு வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. ஆளுக்கொரு சீசா. உள்ளே அவரவர் வீட்டில் மொய்த்த பொடிப் பூச்சிகள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே, யாரால் பூச்சி வருகிறது என்று ஜோசியர் சொல்லிவிடுவாராம்.

படிக்காத ஜனங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினேழாவதாக நின்றவர் உயிரியல் வாத்தியார். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் வட்டம் போட்டவர். சொந்தச் சாப்பாட்டு மேசையில் பூச்சி பறந்ததும் வட்டம் மறந்துபோயிற்று.

"புதுசா வந்த பொம்பளையோட பெருமூச்சுதான் காரணம். அவளை அனுப்பிடுங்க. அதுவரைக்கும் அவ கொண்டு வந்த மண்ணுல இந்தத் தண்ணிய மூணு வேளை ஊத்துங்க" என்று போன வாரமே ஜோசியர் சொல்லியிருந்தார்.

புதிதாக வந்தவள் வாத்தியாரின் தங்கை. புருஷனைப் பிரிந்து, ஒரு பெட்டியும் நாலு பூந்தொட்டியுமாக வந்தவள். போக வேறு இடமில்லை. வாத்தியார் மந்திரித்த தண்ணீரைத் தவறாமல் ஊற்றினார். பூச்சி இரண்டு மடங்கானது. ஆகா, என்ன சக்தி என்று வியக்கவும் செய்தார்!

"இன்னிக்கு சீசாவை நானே கொண்டு வரேன்ணே. அவர் அதையே சொன்னா பெட்டியைக் கட்டிடறேன்" என்றாள் தங்கை. அதைக் கேட்டு வாத்தியாருக்கு நிம்மதி வேறு. வெட்கங்கெட்ட நிம்மதி.

அவர் முறை வரும் நேரத்தில்தான் தங்கை சீசாவோடு வந்து சேர்ந்தாள். ஜோசியர் தூக்கிப் பார்த்தார்.

"அவ இன்னும் போகலையே! இன்னிக்கே அனுப்பிடுங்க."

"இது எந்த வீட்டுப் பூச்சின்னு நல்லாப் பாத்து சொல்லுங்க" என்றாள் தங்கை.

"உங்க வீட்டுதுதான்மா. சந்தேகமே இல்ல."

"உங்க வாசல்ல, ஈரம் காயாத அந்தப் பூந்தொட்டியில இப்பதான் புடிச்சேன். இந்த வீட்லேர்ந்து யாரை அனுப்பப் போறீங்க?"

"ஆமா, மூடியை நான்தான் புடிச்சேன்" என்றார் வரிசையில் நின்ற பாத்திரக் கடைக்காரர்.

ஜோசியர் முகத்தில் ஈயாடவில்லை. பூச்சியும் ஆடவில்லை. போன வாரம் மாமியாரை அனுப்பிவைத்த ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குத் தெரியாம ஒரு தொட்டியை மாடியில ஒளிச்சு வச்சேண்ணே. மேல்மண்ணு காஞ்சு கெடக்கு. ஒரு பூச்சி இல்ல. ஈர மண்ணுலதானே அது முட்டை போடும்?"

அது அவருடைய பாடம். வாத்தியார் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"என்னை மன்னிச்சிடும்மா. நான் இனி என்ன பண்ணணும்?"

"தண்ணி ஊத்தறதை நிறுத்து."

"அப்புறம்?"

"நீ பாடம் நடத்தறப்போ நீயும் கொஞ்சம் கவனி."