மாப்பிள்ளை படமும் பாறைப் பிராணியும்

எனக்கு நாலாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணும், ஞாபகமும் நழுவும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூச்சக்காரியைச் சம்பந்தம் பேச அனுப்பக்கூடாது. (அனுப்பினார்களே!) என் தம்பி மகன் காசிம் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல்காரன் என்றே முன்பு இரண்டு இடம் தட்டிப்போனது. இப்போது தன்லியின் ஊர் ஜவுளிக்கடைக்காரர் மகள் மரியம். அவர்கள் வீட்டு வழக்கப்படி முதலில் படம் பார்ப்பார்கள். பிடித்தால்தான் மாப்பிள்ளையை வரச்சொல்வார்கள்.

"லாத்தா, இதையும் கெடுத்துடாதே" என்றான் தம்பி.

எங்கள் தின்கன்ஜூனில் பஸ் பிடிக்கும் அவசரம். காசிமின் மேசையில் கிடந்த உறையை அப்படியே எடுத்துக்கொண்டு, என் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

கடைக்காரர் உறையைப் பிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"சாதுவான புள்ளைங்க. வெயில்ல கொஞ்சம் கருத்துட்டான். பல்லு உறுதி. அப்படியே அவன் வாப்பா ஜாடை."

படம் கைமாறியது.

"பெருச்சாளிங்க இது" என்றார் கடைக்காரர் மனைவி.

"பெருச்சாளின்னா வாலெங்கே? முயல்தான்" என்றார் கடைக்காரர்.

"முயல்னா காதெங்கே?"

பக்கத்து வீட்டு டோ மியா எட்டிப் பார்த்து, "மூங்கில் எலி! கறி நல்லா இருக்கும்" என்றாள் பர்மியத்தில்.

காசிமையா கறி வைக்கப்போகிறார்கள்? படத்தை வாங்கி மூக்கருகே பிடித்தேன். பாறைமேல் மீசையோடு ஏதோ ஒரு பிராணி குந்தியிருந்தது! (பூமி பிளக்கவில்லை.)

மூன்றாவது இடமும் போச்சு என்று எழுந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து மரியத்தின் குரல்:

"வாப்பா, அவரை வரச்சொல்லுங்க. இது என்னன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

வெள்ளிக்கிழமை காசிம் வந்தான்.

"ஆப்பிரிக்காவோட தெற்குக் கோடியில எடுத்தேன் மாமா. அங்கே குடியேறின டச்சுக்காரங்க இதைக் கண்டதே இல்ல. அவங்க ஊர்ல வளை தோண்டுற வேறொரு பிராணியோட பேரை இதுக்கு வெச்சு, டாஸின்னுட்டாங்க. இங்கிலீஷ்காரன் பாறை முயலுங்கறான். நிஜத்துல இது யானைக்குச் சொந்தமாம்."

"அப்ப எங்க உம்மா பெருச்சாளின்னதும் தப்பில்ல" என்றாள் மரியம். "அவங்கவங்க வீட்டுப் பக்கம் பார்த்ததைத்தானே சொல்லுவாங்க?"

அவன் சிரித்தான். நிக்காஹ் அங்கேயே முடிவானது.

அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் போனால் மரியம் அதைக் காட்டி, "மாமி, உங்க மருமகனுக்குப் பல்லு இன்னும் உறுதிதான்" என்பாள்.

இந்தத் தம்மாத்துண்டு எப்படி யானைக்குச் சொந்தம் என்றுதான் புரியவில்லை. மாமனார் வீட்டில் காசிம் அளந்துவிட்டானோ என்னவோ. படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.