லைல் தோர்ஸ்டட்டின் சோளக்கோட்டை முற்றுகை

வாழ்க, வாழ்க! விஸ்கான்சின் நன்னாட்டில், செம்மஞ்சள் மேலங்கி பூண்டு, காபிக் குடுவை இடையில் தொங்க, மான்குலக் காலன் எனத் தன்னைத் தானே பறைசாற்றிக்கொண்டவனும், அக்குலத்தில் ஒன்றன் மயிரைக்கூட இதுவரை உதிர்க்காதவனுமாகிய லைல் தோர்ஸ்டட் என்னும் பெருவீரன் வாழ்க! அவ்வீரன் நானே. பாட வேறொருவரும் முன்வராததால், அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்குமுன், வரப்போகும் மான்கறிக்கு இடம் வேண்டுமென்று, ஃப்ரீசரில் கிடந்த கறி அனைத்தையும் அண்டை அயலார்க்கு வாரி வழங்கினான் அவ்வள்ளல். வெறும் பெட்டியைத் திறந்து பார்த்த அவன் மனையாள் மார்லிஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏங்க, மானு இன்னும் காட்டுல நிக்குது. அதுக்குள்ள ஊருக்கே பந்தி வச்சிட்டீங்களா?"

"இந்தக் குளிர்காலம் முழுக்க இந்த வீட்டுக்குக் கறி என் பொறுப்பு!" என்று சுவர்க்கடிகாரம் அதிர வஞ்சினம் கூறினான் தலைவன்.

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. போய்ட்டு வாங்க, ஸ்வெட்டரை மறந்துடாதீங்க."

அரசின் பொது வேட்டைநிலத்தில் குத்தகைக்கு மக்காச்சோளம் பயிரிடுபவன் டுவெய்ன் ஜெலின்ஸ்கி. வேட்டைக்கு முன்பே அவன் அறுத்துவிடுவதும், சிந்திய மணி பொறுக்க மான்கள் வெட்டவெளிக்கு வருவதும், அவ்வெளியை நோக்கி மரத்தில் பரண் கட்டித் தலைவன் காத்திருப்பதும் ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். இவ்வாண்டோ மழை விட்டபாடில்லை, கதிர் காயவில்லை, ஆளை விழுங்கும் உயரத்துக்குச் சோளம் மதிலும் அகழியும் இல்லாத கோட்டையாய் ஓங்கி நின்றது. மான்குலம் முழுவதும் அதனுள் புகுந்து, உண்ட இடத்திலேயே உறங்கி, உறங்கிய இடத்திலேயே உண்டு, அரச வாழ்வு வாழ்ந்தது. முன்னொரு காலத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டிய மகளிர்க்கு ஓட்டுவதற்குக் கிளியேனும் இருந்தது. இவனுக்கு மூக்கு ஒழுகியதுதான் மிச்சம்.

பொறுமையிழந்த வீரன், பருவத்தின் நடுவில், டுவெய்னின் கொட்டகைக்கே தூது போனான்.

"எப்பய்யா அறுப்ப?"

"ஈரம்யா. இப்ப அறுத்தா காய வைக்கிற செலவுல என் டவுசர் கழண்டுரும்."

"மானெல்லாம் உள்ளதான்யா படுத்திருக்கு!"

"தெரியும். என் சோளத்தைத் தின்னுட்டுதான் படுத்திருக்கு. எனக்கென்ன வாடகையா குடுக்குது?"

பருவத்தின் இறுதி நாள் வந்தது. இடையில் மழை விட்டுக் கதிரும் ஒருவாறு காய்ந்து, இரவெல்லாம் உறைபனி பெய்து மண்ணும் இறுகியிருக்க, இடியெனக் கர்ச்சித்து, சருகுத்தூளைக் கொடியாய் உயர்த்தி, டுவெய்னின் அறுவடை இயந்திரம் களம் புகுந்தது. தட்டைகள் படைவீரர்போல் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன. பெண்மான்கள் சாலைப்பக்கம், தலைவன் சுடவொண்ணாத திசையில், ஒவ்வொன்றாய்த் துள்ளி ஓடின. ஆயினும் கிளைத்த கொம்புடைய பெருங்கலைமான் ஒன்று மட்டும் கோட்டையின் கடைசிப் பத்திக்குள் பின்வாங்கியதை அவன் தன் இரு கண்ணாலும் கண்டான். நெஞ்சு முரசாயிற்று. மார்லிஸ் ஃப்ரீசரைத் திறந்து வாயடைத்து நிற்கும் காட்சிகூட மனக்கண்ணில் தோன்றிவிட்டது.

அவ்வேளையில் இயந்திரம் நின்றது. டுவெய்ன் கீழே இறங்கினான், கையுறையை உதறினான், வீட்டுக்குக் கிளம்பினான். பரணிலிருந்து குதித்து, கட்டிகளில் இடறி விழுந்தெழுந்து ஓடினான் தலைவன்.

"ஏன்யா நிறுத்திட்ட? இன்னும் இருக்கேய்யா!"

"அந்தப் பன்னெண்டு வரிசை மானுக்கு. குளிர்காலத்துல தின்ன விட்டு வைக்கணும்னு குத்தகையிலயே இருக்கு."

"எந்த மடையன்யா இப்படி ஒரு விதி போட வச்சான்?"

டுவெய்ன் அவனை இரக்கத்தோடு பார்த்தான்.

"வசந்தகாலத்துல ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு மேசையத் தட்டிப் பேசினது யாருய்யா? 'வாயில்லாத ஜீவன்'னு சொல்றப்ப உனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நாங்கெல்லாம் கை தட்டினோம்ல?"

தன் நாவே தனக்குப் பகையானதை உணர்ந்தும் தளராத அம்மறவன், "ஞாயிறே, சற்றே நில்! என் வஞ்சினம் முடியுமட்டும் மறையாதே!" என்று மேற்றிசை நோக்கி முழங்கி, சோளப்பத்திக்குள் தனியொருவனாய்ப் பாய்ந்தான். தோகைகள் வாளாய் முகத்தைக் கீறின. தொப்பி ஒரு தட்டையில் சிக்கி அங்கேயே தங்கிற்று. பகலில் இளகிய சேறு ஒரு பூட்சைத் திறைப்பொருளாய்ப் பறித்துக்கொண்டது. அவன் ஒற்றைக் காலுறையோடு நொண்டி மறுகோடியை எட்டித் திரும்பிப் பார்த்தபோது, பெருங்கலையோ வந்த வழியே நிதானமாய் வெளியேறி, தொலைவில், அவன் கைவிட்ட பரணின் ஏணியில் கொம்பை உராய்ந்துகொண்டிருந்தது. துப்பாக்கியை அவன் தோளில் ஏற்றுவதற்குள் அது காட்டுக்குள் நடந்து மறைந்தது. ஓடக்கூட இல்லை, அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. ஞாயிறும் தன் கடமையில் வழுவாது மறைந்தது. சட்டப்படி வேட்டை முடிந்தது.

நான் பூட்சைத் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு, கடையில் இரண்டு கோழி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.