கவிஞருக்குத் தாடி வைத்த கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபத்தேழு வயது வரை தெரியாது.

சௌத்ரி என்று ஒரு வங்காள எழுத்தாளர், கதையும் கவிதையும் எழுதியவர், காலமானார் என்று ரேடியோவில் சொன்னார்கள். "யாராவது படிச்சிருக்கீங்களா?" என்று மாத்தளை வாசகர் வட்டத் தலைவர் கேட்டதும் என் கை தானாக உயர்ந்தது. படித்தது ஒரே ஒரு நாவல், அதுவும் பாதி. முன்பக்கங்களை எனக்கு முன்பே கரையான் வாசித்திருந்தது. அட்டையில் 'சௌத்ரி' மட்டும் மிச்சம். அறுபது பக்கத்துக்குச் சமையலறைதான். (மனுஷன் என்னமா மீன் கழுவுறாரு என்று வியந்தேன்.)

அஞ்சலிக் கூட்டத்தில் பேச்சும் என் தலையில், மேடைக்குப் படமும் என் தலையில். போதாததற்கு, பல்லேபொல பக்கத் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர், தன் மகள் மல்லிகா டீச்சரை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "பையன் மேடையில பேசுவானாமே. கேட்டுட்டுச் சொல்றேன்" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார். மல்லிகாவை நான் ஒருமுறை பஸ்ஸில் பார்த்திருந்தேன். பிறகு மூன்று வாரம் அதே பஸ்ஸில் வேலையில்லாமல் போய்வந்தேன்.

படம் எங்கேயும் கிடைக்கவில்லை. யட்டவத்தையில் லொறிகளுக்குப் படம் வரையும் ரஹீம் நானாவிடம் போனேன்.

"ஆள் எப்படி இருப்பாரு தம்பி?"

"வங்காளக் கவிஞர், நானா."

"அப்ப தாடி இல்லாம எப்படி?" என்று நெஞ்சு வரை இறக்கிவிட்டார்.

பெயின்ட் காயாத படத்தோடு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். (அந்தக் காலத்தில் நாங்கள் பஸ்ஸில் போனதைவிட இறங்கி நின்றதுதான் அதிகம்.) சிப்பாய் படத்தைப் பார்த்து, "உங்கள் அப்பாவா?" என்று சிங்களத்தில் கேட்டார். வங்காள இலக்கியத்தை விளக்கும் தைரியம் இல்லாமல் "ஆமாம், அஞ்சலிக்கு" என்றேன். பாவம், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கூட்டத்தில் படத்துக்கு மாலை போட்டு, நான் அளக்க ஆரம்பித்தேன். முன்வரிசையில் கிளாக்கர், பக்கத்தில் மல்லிகா. "கங்கைக் கரையில் தாடி காற்றில் பறக்க நடப்பார். மனைவி சோற்றோடு காத்திருப்பாள். அவரோ கவிதையோடு..."

மல்லிகா எழுந்தாள்.

"சேர், ஒரு சந்தேகம். அவங்க பொம்பளதானே?"

நான் திரும்பி, மாலைக்குள் இருந்த தாடியைப் பார்த்தேன்.

"பதினாலு வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க. எழுதுற கொப்பிய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சு எழுதினாங்க. மொதக் கதை புருஷன் பேர்லதான் வந்துச்சு. அவங்க கவிதைப் புத்தகம் ரெண்டு எங்க வீட்டுல இருக்கு."

"எனக்குத் தெரியாதுங்க. பாதிப் புத்தகம்தான் வாசிச்சேன். மிச்சத்த டீச்சர் சொல்லட்டும்" என்று மைக்கை நீட்டிவிட்டு இறங்கினேன்.

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். அந்த அம்மாவின் அடுப்பங்கரையும், அங்கே எழுதிய கதைகளும், விதவையானபின் எழுதிய கவிதைகளும் கண்முன் வந்தன. அதற்குள், தன் படத்துக்கு விழும் மாலையைப் பார்க்க வந்திருந்த ரஹீம் நானா, பையிலிருந்த தூரிகையோடு மேடையேறி வெள்ளைத் தாடியை வெள்ளைச் சேலை முந்தானையாக மாற்றிவிட்டார். மீசைதான் கொஞ்சம் அடம்பிடித்தது.

கூட்டம் முடிந்ததும் பின்வாசலால் நழுவப் பார்த்தேன். அங்கே கிளாக்கர் நின்றார்.

"பேச்சு படுமோசம் தம்பி."

"ஆமாங்க ஐயா."

"ஆனா அவ பேச ஆரம்பிச்சதும் மைக்க குடுத்துட்டு எறங்கினீங்க பாருங்க. எங்க வீட்டுல இருவத்தஞ்சு வருசமா நான் அதத்தான் செய்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாங்க."

இரண்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து கிளாக்கர் மாமாவுக்கு டெலிபோன் பண்ணினேன்.

"பொம்பளப் புள்ள மாமா!"

"நல்லாப் பாத்தீங்களா, மாப்பிள்ள?"

மகளுக்கே கல்யாண வயது வந்துவிட்டது. இன்றும் நான் எதை அடித்துச் சொன்னாலும், வீட்டில் மல்லிகாவும் மகளும் ஒரே குரலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.